விருப்பமான வீரரை அணி விட்டுக்கொடுத்துவிட்டால் யார் பக்கம் நிற்பது?

வெள்ளவத்தை வாசகன்:
வணக்கம். பொஸ்டனில் இருக்கும் என் பெரியப்பாவின் மகன் பழக்கிவிட்டதால் சில ஆண்டுகளாக ரெட் சொக்ஸ் அணியின் பேஸ்போல் ஆட்டங்களைப் பார்த்து வருகிறேன். வழமையாக அவை நமக்கு அதிகாலையில்தான் வரும். 2025 ஜூன் 15ஆம் திகதி அங்கே பகல் ஆட்டம் என்பதால் இங்கே இரவு பதினொரு மணிக்குப் பிறகு தொடங்கியது. யாங்கீஸ் அணியை 2-0 என வென்றோம். எங்கள் அணியின் ரஃபேல் டெவர்ஸ் ஒரு ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) அடித்தார். சந்தோஷமாகப் படுத்து எழுந்து கைத்தொலைபேசியைப் பார்த்தால், அவரைச் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி கிடக்கிறது. 2033 வரை 313.5 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்திருந்த வீரர் அவர். அதன் பிறகு பொஸ்டன் ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. ஜயன்ட்ஸ் ஆட்டத்தைப் போட்டால் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. நேரில் கண்டிராத ஒருவருக்காக ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்த நிலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கொட்டாஞ்சேனை ரசிகர்:
தம்பி, பேஸ்போல் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் இந்த வலி தெரியும். 2023 ஐ.பி.எல். இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துச் சென்னைக்குக் கிண்ணத்தை வாங்கித் தந்த ஜடேஜாவை, 2025 நவம்பரில் சாம் கரனோடு சேர்த்து ராஜஸ்தானுக்கு அனுப்பி, சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். கணக்குப் பார்த்தால் சரியான முடிவாக இருக்கலாம், ஆனால் நாம் கணக்குப் பார்த்தா விசிலடித்தோம்? நான் சென்னையை விடவில்லை. ஜடேஜா எங்கே ஆடினாலும் நன்றாக ஆட வேண்டும் என்றே நினைக்கிறேன், சென்னைக்கு எதிராக மட்டும் கொஞ்சம் குறைவாக.

தெஹிவளை:
ஐயா சொன்னதில் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஐ.பி.எல். அணிமாற்றத்துக்கு வீரரின் சம்மதம் வேண்டும். அமெரிக்க பேஸ்போலில், ஒப்பந்தத்தில் தனி நிபந்தனை இல்லாவிட்டால், பத்து ஆண்டுகள் ஆடி அவற்றில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவருக்கே மறுக்கும் உரிமை உண்டு. 2017இல் அறிமுகமான டெவர்ஸுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. 1969இல் சென் லூயிஸ் அணி தன்னைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது கர்ட் ஃபிளட் என்ற வீரர் போக மறுத்து, வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 1972இல் தோற்றார். அடுத்த ஆண்டுதான் இந்த உரிமையே நடைமுறைக்கு வந்தது.

ஆகவே டெவர்ஸ் உங்களை விட்டுப் போகவில்லை, அவரை அனுப்பினார்கள். மூன்றாம் பேஸ் என்ற களத்தடுப்பு இடத்திலிருந்து நகர்த்தப்பட்ட பிறகு முதலாம் பேஸில் ஆட அவர் மறுத்ததும் உண்மைதான். அதற்காக நிர்வாகத்தின் பக்கம் பேச எனக்கு மனம் வரவில்லை. 2020இல் நட்சத்திர வீரர் மூக்கி பெட்ஸை லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்ததும் இதே அணிதான், அவர் அதே ஆண்டே அங்கே வேர்ல்ட் சீரிஸ் எனப்படும் அமெரிக்க பேஸ்போல் இறுதித் தொடரை வென்றார்.

பம்பலப்பிட்டி:
மறுபக்கமும் உண்டு. 2004 ஜூலை 31இல் தங்கள் நட்சத்திர வீரர் நோமார் கார்சியாபாராவை வேறு அணிக்குக் கொடுத்தபோது பொஸ்டன் ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த ஒக்டோபரிலேயே 1918க்குப் பிறகான முதல் கிண்ணம் வந்தது.

வெள்ளவத்தை வாசகன்:
அனைவருக்கும் நன்றி. மாற்றம் நடந்த அதே வாரம் பொஸ்டன் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் ஆடியது, ஜூன் 21இல் டெவர்ஸ் எங்கள் பந்துவீச்சிலேயே ஹோம் ரன் அடித்தார். கைதட்டிவிட்டேன், அதைப் பெரியப்பாவின் மகனிடம் இன்னும் சொல்லவில்லை.