ஓவியங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் நிலையான இணைய இடம்: உதவி தேவை

வணக்கம். பென்னாகரம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்து நான் பென்சிலால் வரைந்த படங்கள், தெருக்கூத்துப் பாடல்களின் ஒலிப்பதிவுகள், என் கவிதைகள் ஆகிய அனைத்தையும் வைத்திருந்த இலவசத் தளம் வரும் மார்ச்சு மாதத்துடன் மூடப்படுகிறது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டதையும் பார்த்தவன் என்பதால், மறுபடியும் இன்னொருவர் திண்ணையில் குடியேற எனக்கு விருப்பமில்லை.

.இன் (.in) என முடியும் இணைய முகவரி ஒன்றை, அதற்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவான 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்துவிட்டேன். பழைய தளம் தந்த வேர்ட்பிரஸ் (வலைப்பதிவு மென்பொருள்) ஏற்றுமதிக் கோப்பில் எழுத்தும் படங்களின் முகவரிகளும் மட்டுமே இருந்தன, படங்கள் இல்லை. ஆகவே அவற்றைத் தனியாகப் பதிவிறக்கினேன். பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கவிதைகளை யூனிகோடுக்கு மாற்றி, வரிவரியாகச் சரிபார்த்தேன் (அலுப்பான வேலைதான், ஆனால் முடிந்துவிட்டது). ஹியூகோ மென்பொருளால் பக்கங்களை உருவாக்கி கிட்ஹப் பேஜஸ் என்ற இலவசத் தளச் சேவையில் ஏற்றியபோது எழுத்துப் பகுதி நன்றாகவே வந்தது. ஆனால் அங்கே ஒரு தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். என்னிடம் உள்ள படங்களும் ஒலிகளும் சேர்ந்து ஏறத்தாழ 6 ஜிபி. ஒலிப்பதிவுகள் சிலவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் சேர்த்தேன். பாதுகாப்புக்கு அது நல்ல இடம் என்றாலும், எங்கள் பகுதியின் கைபேசி இணைப்பில் மிக மெதுவாகவே திறக்கிறது, முகவரியும் என்னுடையதன்று.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 10 மடிக்கணினி. இணையத்துக்குக் கைபேசி ஹாட்ஸ்பாட்.

ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்குள், சேவை நிறுவனத்தை மாற்ற நேர்ந்தாலும் இணைப்புகள் முறியாதபடி, இந்த 6 ஜிபி கோப்புகளை என் சொந்த முகவரியின் கீழ் எந்தச் சேவையில் வைக்கலாம்?