ஒரு மூட்டை யூரியாவுக்கு நாலு கூடை சாணம் ஈடாகுமா?

டெல்டா உழவன்: "யூரியா வேண்டாம், ஏக்கருக்கு நாலு கூடை சாணம் போதும்" என்று பசுந்தாள் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் இருக்கிறது. சாணம் மக்கிய தொழு உரத்தில் அரை சதவீதம்தான். அப்படியானால் ஒரு மூட்டைக்கு நாலு டன். நாலு கூடை அல்ல!

பசுந்தாள்: கணக்கு வாத்தியாருக்கு வணக்கம். தண்ணீர் கட்டிய வயலில் வீசும் யூரியாவில் பாதிக்கு மேல் ஆவியாகியும் கரைந்தும் போகிறதே, அதைக் கழித்தீர்களா? மண்ணுக்குக் கரிமச்சத்தை உங்கள் மூட்டை தருமா?

டெல்டா உழவன்: கரிமத்தை யார் கேட்டது? நாலு டன்னா, நாலு கூடையா?

வண்டல்: மூட்டை 50 கிலோதானே?

டெல்டா உழவன்: 2018லேயே 45 ஆகிவிட்டது. உரக்கடைப் பக்கம் போனால் தெரியும்.

வண்டல்: நான் கடைக்குப் போகாதவனா? போன குறுவையில் உங்கள் பேச்சைக் கேட்டு யூரியா மேலுரத்தைக் கூட்டிப் போட்டேன். வயல் முழுக்கப் புகையான் பூச்சி. அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

டெல்டா உழவன்: இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையைச் சொல்லும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போடச் சொன்னேன். கண்டபடி கொட்டச் சொல்லவில்லை.

கிளிநொச்சியான்: எங்கட இலங்கையில் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது எங்கட பக்கம் மழைக்கால நெல்லான காலபோக விதைப்பே முடிந்துவிட்டது. சேதனப் பசளையே, அதாவது இயற்கை உரமே போதும் என்கிறவர்கள் அந்தப் போக விளைச்சலைப் பார்த்திருக்க வேணும்.

பசுந்தாள்: அது அவசரத்தின் தப்பு, சாணத்தின் தப்பு அல்ல. தழை உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவாவது உங்கள் அரசு அவகாசம் கொடுத்ததா?

கிளிநொச்சியான்: பட்டினி கிடந்தவனிடம் தக்கைப்பூண்டா பேசுகிறீர்கள்?

டெல்டா உழவன்: தக்கைப்பூண்டு நானும்தான் விதைக்கிறேன், தொழு உரமும் போடுகிறேன். அது வேறு. ஏக்கர் நெல்லுக்கு 60 கிலோ தழைச்சத்து என்று வைத்தால், சாணத்திலேயே கொடுக்க 12 டன் வேண்டும். உங்கள் ஊரில் அத்தனை மாடு இருக்கிறதா?

பசுந்தாள்: எங்கள் ஊர் மாட்டை எண்ண நீங்கள் யார்? பஞ்சகவ்யம் பற்றி எழுதியபோதும் இப்படித்தான் வம்புக்கு வந்தீர்கள்.

வண்டல்: என் புகையானுக்குப் பதில்?

டெல்டா உழவன்: பேச்சை மாற்றாதீர்கள். நாலு டன். இல்லை என்றால் கணக்கோடு வாருங்கள்.

பசுந்தாள்: என் வயலுக்கு வந்து மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள், அப்புறம் கணக்குப் பேசலாம்.

டெல்டா உழவன்: நாலு டன்!