பிசிஎல்11ஏ தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? உதவி தேவை

வணக்கம். எம்.எஸ்சி. செமினாருக்கு ஜிங்க் ஃபிங்கர் புரதங்களை (துத்தநாகம் தாங்கிய விரல் போன்ற பகுதிகளால் டிஎன்ஏவைப் பற்றுபவை) எடுத்திருக்கிறேன். அதில் பிசிஎல்11ஏ என்னை விடவே மாட்டேன் என்கிறது. பிறந்த பிறகு காமா குளோபின் மரபணுக்களை அடக்கி, கரு ஹீமோகுளோபினைக் குறைப்பது இதுதான். 2023-இல் அனுமதி பெற்ற காஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்த சிகிச்சை, அரிவாள் செல் சோகைக்குப் பலன் தருவதும் ரத்த மூலசெல்களில் பிசிஎல்11ஏ மரபணுவின் என்ஹான்சரை (அதன் செயல்பாட்டைத் தூண்டும் டிஎன்ஏ பகுதியை) வெட்டி, கரு ஹீமோகுளோபினை மீண்டும் கூட்டித்தான். எவ்வளவு பெரிய விஷயம்!

என் சந்தேகம்: அது பற்றும் டிஎன்ஏ வரிசையான டிஜிஏசிசிஏ (TGACCA) வெறும் 6 எழுத்து, ஜீனோம் முழுக்க எத்தனையோ இடங்களில் வரும். அப்படியிருக்க, காமா மரபணுவின் தொடக்கத்துக்குச் சுமார் 115 எழுத்து முன்னால் இருக்கும் இடத்தில் அடக்குதல் இவ்வளவு பலமாக நடப்பது ஏன்? அங்கே குரோமாட்டின் (டிஎன்ஏ புரதங்களோடு சுற்றப்பட்டிருக்கும் கட்டு) திறந்திருப்பதாலா, துணைப் புரதங்களாலா?

சிப்-சீக், கட்-அண்ட்-ரன் (ஒரு புரதம் டிஎன்ஏவில் எங்கெங்கே பற்றுகிறது என்று காட்டும் முறைகள்) தரவுகளோடு வேலை செய்தவர்கள் யாராவது விளக்க முடியுமா? எந்தக் கட்டுரையில் தொடங்கலாம் என்று சொன்னாலும் போதும்.