“சப்பாணி கொட்டு” எங்கிருந்து வந்தது?

வைகைக்கரை:
எங்கள் வீட்டில் ஒரு வாரமாக இதுதான் பேச்சு. பத்து மாதப் பாப்பாவை மடியில் வைத்து, இரண்டு குட்டிக் கையையும் பிடித்து “சப்பாணி கொட்டு, சப்பாணி கொட்டு” என்று அம்மா தட்டிவிடுவார், அதுவும் இரண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கும். கால் ஊனத்தைச் சொல்கிற வார்த்தையைப் பிள்ளையிடம் போய்ச் சொல்லலாமா என்று என் மனைவிக்கு வருத்தம். சோழவந்தானில் தன் அப்பத்தா சொல்லிக் கேட்டது என்பதற்கு மேல் அம்மாவுக்கும் தெரியவில்லை. மூன்றாவது படிக்கும் மூத்தவள் ‘டபுள் டபுள் திஸ் திஸ்’ என்று தோழியோடு எதிரெதிரே நின்று தட்டுகிறாளே, அதுவும் இதிலிருந்து வந்ததுதானா?

மேலூர் டீச்சர்:
தயவுசெய்து அம்மாவை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். இந்தச் சப்பாணி கை கொட்டுவது. பாணி என்றால் கை, தாளத்துக்கும் அதே சொல். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம், நான்காவது சப்பாணி, அதைக் குழந்தையின் ஒன்பதாம் மாதத்துக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளை தானாக உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்துத் தட்டப் பழகுகிற வயசு அதுதானே. நம் மீனாட்சியையே சின்னப்பிள்ளையாக்கிச் சப்பாணி கொட்டச் சொல்லிப் பாடியிருக்கிறார் குமரகுருபரர், திருமலை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டு. அதற்கும் பல நூறு வருஷம் முன்னால், இதோ பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில், பெரியாழ்வார் யசோதையாக நின்று கண்ணனைக் கொட்டச் சொல்கிறார். வீட்டில் தாய்மார் செய்ததைப் பார்த்துத்தான் அவர்கள் பாட்டுக்குள் கொண்டுவந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

உசிலம்பட்டி மருமகள்:
டீச்சர் சொன்னது சரி. ஆனால் மூத்த பிள்ளை ஆடுவது வேறு என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் முளைப்பாரிக்குக் கும்மி கொட்டும்போது பாரியை நடுவில் வைத்துச் சுற்றி வருவோம், குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, எல்லாம் அவரவர் கைதான். சப்பாணியும் அப்படித்தான். அடுத்தவள் உள்ளங்கையில் தட்டுவதை நான் பள்ளிக்கூடத்தில்தான் கற்றேன், பாட்டும் இங்கிலீஷ். ‘திஸ்’ஸுக்கு உள்ளங்கை, ‘தட்’டுக்குப் புறங்கை, ‘டபுள்’ வந்தால் மூடிய கையால் குத்து என்று வார்த்தை மாற மாறக் கையும் மாற வேண்டும். தப்பினால் ஆட்டம் போச்சு.

திருப்பரங்குன்றம் செல்வம்:
அக்கா, கோலாட்டத்தை விட்டுவிட்டீர்களே. அதில் எதிராளி கோலில்தானே தட்டுகிறோம்? பாட்டு வெளியிலிருந்து வந்திருக்கலாம், ஜோடி போட்டுத் தட்டுவது நமக்குப் புதுசில்லை.

உசிலம்பட்டி மருமகள்:
அது உண்மை தம்பி, கோலாட்டத்தை நான் யோசிக்கவில்லை. வெறுங்கையில் மட்டும் ஏன் எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை என்று அத்தையிடம் கேட்க வேண்டும்.

வைகைக்கரை:
டீச்சர், நீங்கள் எழுதியதை அப்படியே இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். மீனாட்சி பெயர் வந்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது என் மனைவிதான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.