நாலே கார்டு, கோரஸ் வந்ததே தெரியல

பாளை_ஆறுகம்பி:
அண்ணாச்சிமாரே, காலேஜ் பேண்டுக்குச் சொந்தமா ஒரு ராக் பாட்டு போட்டிருக்கோம். ஜி, டி, ஈ மைனர், சி, இந்த நாலு கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டு). டெம்போ நிமிஷத்துக்கு 120 தட்டு. ரெண்டு கிதார், பேஸ், டிரம்ஸ். முதல்ல இருந்து கடைசி வரை ஒரே மாதிரி கேக்கு, கோரஸ் (திரும்பத் திரும்ப வர்ற பல்லவி) வந்ததே தெரியல. டிஸ்டார்ஷனை (கிதார் சத்தத்தைக் கரகரப்பாக்குற எஃபெக்ட்) கூட்டினா எல்லாம் கொழகொழன்னு ஆயிருது. கார்டை மாத்தணுமா?

வண்ணார்பேட்டை_கிதார்:
கார்டு அப்படியே இருக்கட்டும் தம்பி. அடுக்குற விதத்துலதான் கோளாறு. ரெண்டு கிதாரும் ஒரே கார்டை ஒரே இடத்துல பிடிச்சு ஒரே மாதிரி அடிச்சா சத்தம்தான் கூடும்.

வெர்ஸுக்கு (சரணம் மாதிரி வர்ற பகுதி) ஒரு கிதார் போதும். ஈ மைனர் ரெண்டு பார் (ஒரு பார்னா நாலு தட்டு), சி ரெண்டு பார், பாம் மியூட்ல, அதாவது உள்ளங்கையால கம்பியை லேசா அமுக்கி. உள்ளங்கை ஓரம் பிரிட்ஜை (கிதார் உடம்புல கம்பியைத் தாங்குற பட்டை) ஒட்டியே இருக்கணும். கொஞ்சம் முன்னால நகர்ந்தாலும் சுருதி செத்து வெறும் டொக் டொக்குன்னு கேக்கும். ஜி-யை அங்க தொடவே தொடாதீங்க. கோரஸோட முதல் தட்டுலதான் அது முதல்முறையா விழணும்.

கொழகொழப்புக்குக் காரணம் கார்டுக்குள்ள இருக்குற காந்தாரம். ஃப்ரெட்டுல (கிதார் கழுத்துல இருக்குற உலோகக் கட்டு) பஞ்சமம் சுத்த சுருதிக்கு 2 சென்ட்தான் (அரைச்சுரத்துல நூறுல ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைவு; அந்தர காந்தாரமோ 14 சென்ட் போல கூடுதல். டிஸ்டார்ஷன் அந்தப் பிசகை உறுமலாப் பெருக்கிரும். அதனால டிஸ்டார்ஷன் கிதார்ல பவர் கார்டு மட்டும், அதாவது காந்தாரம் இல்லாம ஷட்ஜமும் பஞ்சமமும்தான்: ஜி-க்கு ஆறாம் கம்பி 3-வது ஃப்ரெட், அஞ்சாம் கம்பி 5, நாலாம் கம்பி 5. மத்த கம்பியெல்லாம் மியூட். கெயினை (டிஸ்டார்ஷன் அளவு) பாதிக்குக் குறைங்க.

கோரஸ்ல ரெண்டாவது கிதார் டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் டோன்ல வரட்டும். மோதிர விரலை ரெண்டாம் கம்பி 3-லயும், சுண்டு விரலை முதல் கம்பி 3-லயும் வச்சு எடுக்கவே கூடாது. மத்த விரல்தான் மாறும். டி-யும் ஜி-யும் மேல விடாம ஒலிக்கும், கீழ கார்டு நகரும். சி-யும் ஈ மைனரும் இப்படிப் பிடிச்சாத்தான் அழகு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது.

தாமிரபரணி_பேஸ்:
கோரஸுக்கு முந்தின 4 பார் முக்கியம். கிதார் சி, ஈ மைனர்னு மாறினாலும் பேஸ் டி-யை விட்டு அசையக்கூடாது. அந்த இழுவைதான் ஜி-க்கு ஏங்க வைக்கும். இன்ட்ரோ 4, வெர்ஸ் 16, இது 4, மொத்தம் 24 பார். 120-ல பாருக்கு 2 வினாடி, ஆக 48-வது வினாடில கோரஸ். அதுக்கு மேல இழுக்காதீங்க.

கோரஸ்ல கார்டை அரைத்தட்டு முன்னாடியே மாத்துனா பாட்டு துள்ளும். ஆனா கிக்கும் (காலால மிதிச்சு அடிக்கிற பெரிய டிரம்) பேஸும் கிதாரோட சேர்ந்தே வரணும். ஒருத்தர் நேர்த்தட்டுல நின்னுட்டா, தாளம் தப்பிட்டாங்கன்னுதான் கேக்குறவங்க நினைப்பாங்க.

பாளை_ஆறுகம்பி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. கடைசி கோரஸை எப்படி வேறுபடுத்த? வாசிக்கப் போறது உயரமான பழைய ஹால், எதிரொலி ஜாஸ்தி.

வண்ணார்பேட்டை_கிதார்:
முதல் 8 பார் குரலும் கிளீன் கிதாரும் மட்டும், ஒன்பதாவதுல எல்லாரும். எதிரொலிக்கு, மைக் செட்காரர்ட்ட கிதார் சேனல் ரெண்டுலயும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டச் சொல்லுங்க. கிதாரோட ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸோட தடிச்ச கம்பி 41. கீழ்ப்பகுதி பேஸுக்கும் கிக்குக்கும்தான். ரிவெர்ப் பெடல் இருந்தா ஆஃப் பண்ணிருங்க, ஹாலே அதைக் குடுத்துரும்.