துர்துக் பள்ளிவாசல்

குழு: மேல்விஷாரம் குடும்பம்

ரியாஸ்: அஸ்ஸலாமு அலைக்கும். லடாக்கில் துர்துக் வந்துவிட்டோம். ஷியோக் ஆற்றுக்கு மேலே, மலை இடுக்கில் ஒரு கிராமம். படத்தில் இருப்பது இங்குள்ள பழைய பள்ளிவாசல். மினாராவைப் பாருங்கள், மரம்!

மாமி: வஅலைக்குமுஸ்ஸலாம். மாஷா அல்லாஹ். ஸ்வெட்டர் போட்டாயா?

ரியாஸ்: போட்டிருக்கிறேன் மாமி. இங்கே எங்கே பார்த்தாலும் குபானி (ஆப்ரிகாட்) மரம்தான்.

பெரியத்தா: 1971 போர் வரைக்கும் அந்த ஊர் பாகிஸ்தான் வசம் இருந்தது தம்பி. மேஜர் சேவாங் ரிஞ்சன் தலைமையில் நம் படை போய்ப் பிடித்தது.

ரியாஸ்: ஆமாம் பெரியத்தா. அதில் குடும்பங்களே பிரிந்துவிட்டன. அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். வெளியூர்க்காரர்களை 2010இல்தான் உள்ளே விட ஆரம்பித்தார்கள். அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு பெரியவர் எங்களை உட்காரவைத்து ஊர்க் கதை முழுக்கச் சொன்னார். இவர்கள் பேசுவது பால்டி. நூர்பக்ஷி என்ற சூஃபி வழியினர் நிறைய. 14ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து வந்த சையித் அலி ஹமதானிதான் இந்தப் பக்கம் இஸ்லாத்தைக் கொண்டுவந்தவர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். எல்லைக்கு அப்பால் கப்லுவில் சக்சன் பள்ளிவாசல் இருக்கிறது, 1370இல் கட்டியதாம். அதே ஆற்றோரம்தான், ஆனால் இவர்களால் போய்த் தொழ முடியாது. அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது.

ஆயிஷா: சிமெண்ட் இல்லாமல் அந்தக் குளிரில் எப்படி அண்ணா நிற்கிறது?

ரியாஸ்: பால்டி ஊர்களில் மரச்சட்டத்தை அடுக்கி, நடுவில் கல்லும் மண்ணும் நிரப்பிக் கட்டுவது பழைய வழக்கம். நிலம் ஆடினாலும் மரம் வளைந்து கொடுக்கும்.

பெரியத்தா: வேலூர் கோட்டைப் பள்ளிவாசலை நினைத்துக்கொண்டேன். தொல்லியல் துறை கட்டடத்தை நன்றாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் தொழுகை கிடையாது, உட்காரவைத்துச் சொல்ல ஓர் ஆளும் கிடையாது. சரி, நம் தெருப் பள்ளிவாசலுக்கு வருவோம். ஒளு செய்கிற ஹவுழ் தொட்டிப் பக்கத்துச் சுவரில் எழுத்து வெட்டிய கல் ஒன்று இருக்கிறதே, யாராவது படித்திருக்கிறீர்களா?

ஆயிஷா: சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தே தெரியவில்லை பெரியத்தா. பாதி வரிதான் கைக்குத் தட்டுப்படுகிறது.

பெரியத்தா: அடுத்த வாரம் அந்தச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டப்போகிறார்கள். ஒட்டினால் போச்சு. ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லியிடம் பேசுகிறேன், கல் இருக்கிற இடத்தை மட்டும் விடச் சொல்லி.

மாமி: சுரண்டச் சொல்லாதீர்கள். ஈரத்துணியும் நார் பிரஷும் போதும். வேலூர் பாக்கியாத் மதரஸாவில் ஓதிய ஹஜ்ரத்தைக் கூப்பிட்டால் படித்துச் சொல்வார்.

ஆயிஷா: நன்னிக்கு அந்தக் கல் வைத்த குடும்பம் தெரியும் என்று அம்மா சொன்னார்கள். இன்று ராத்திரியே அவரிடம் கேட்டு, ஃபோனில் பதிவு செய்து இங்கே போடுகிறேன்.