மறு: ஹைபிரிட் காரின் 12 வோல்ட் பேட்டரிக்குத் தமிழ்ப் பெயர்

> ஆக்சிலரி பேட்டரி என்கிறார்கள்; ஆக்சிலரி என்றால் துணைதானே? 'துணை மின்கலம்' என்று முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

ஐயா, வணக்கம். அகராதிப்படி சரிதான். ஆனால் நாம் எழுதும் ஹைபிரிட் கார் பராமரிப்புக் குறிப்பில் 'துணை' என்று எழுதினால் வண்டிக்காரர் அதை ஸ்டெப்னி மாதிரி நினைத்துக்கொள்வார். இந்த பேட்டரி இல்லாமலோ வண்டி அசையவே அசையாது.

பெட்ரோல் காரில் 12 வோல்ட் பேட்டரியின் பெரிய வேலை ஸ்டார்ட்டரைச் சுற்றுவது. நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் பேட்டரி நலிந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். காலையில் எஞ்சின் முக்கி முனகிச் சுற்றும், விளக்கு மங்கும். டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட்டில் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) எஞ்சினைச் சுற்றுவது பின்னால் இருக்கும் பெரிய பேட்டரி. இரண்டாம் தலைமுறை பிரியஸில் அது 201.6 வோல்ட். 12 வோல்ட்டின் வேலை, கணினிகளுக்கு உயிர் கொடுத்து, பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலே என்ற மின்சுவிட்சுகளைப் போடுவது. அதற்குச் சொற்ப மின்சாரம் போதும். ஆகவே சாகிற வரைக்கும் நோய் வெளியே தெரியாது.

தெரிந்தவர் ஒருவர் பிரியஸை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்தால் ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. அதற்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவித் திறந்து, பவர் பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டுக்குள் டக் டக் என்று சத்தம்; வண்டி ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வரவில்லை. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய சின்ன பேட்டரி 12-க்கும் கீழே காட்டியது. பின்னால் 200 வோல்ட் சும்மா கிடந்து என்ன பயன்? பானெட்டுக்கு அடியில், ஃபியூஸ் பெட்டிக்குள் இருக்கும் முனையில் ஜம்பர் வயர் கொடுத்ததும் வண்டி விழித்துக்கொண்டது.

அதனால் 'எழுப்பு மின்கலம்' என்று முன்மொழிகிறேன். 'தொடக்க மின்கலம்' பெட்ரோல் காருக்கே இருக்கட்டும்.

---

> 'எழுப்பு மின்கலம்' என்று முன்மொழிகிறேன்.

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஜப்பானில் பாவித்த ஹைபிரிட் கார்கள் இங்கே நிறைய ஓடுகின்றன, ஆகவே இந்தச் சொல் எங்களுக்கும் அவசரம்.

'எழுப்பு' நல்ல சொல். 'மின்கலம்' தான் இடிக்கிறது. பாடப்புத்தகத்தில் மின்கலம் என்றால் தனி செல். 12 வோல்ட் ஈயப் பற்றரி ஆறு கலங்கள் சேர்ந்தது, கலம் ஒன்றுக்கு 2.1 வோல்ட். அதில் ஒன்று பழுதானால் மீற்றர் 10.5 அளவில் நிற்கும். அப்போது 'மின்கலத்தில் ஒரு மின்கலம் போய்விட்டது' என்றா எழுதுவது? அந்த 201.6 வோல்ட்டும் 1.2 வோல்ட் கலங்கள் 168 சேர்ந்ததுதான். 'எழுப்பு கலவடுக்கு' என்று வைப்போம். வினைத்தொகை என்பதால் நடுவில் 'க்' வராது, இலக்கணக்காரர்கள் மன்னிக்க.

---

'கலவடுக்கு' எனக்குச் சம்மதம். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும். குறிப்பின் வரைவு இது:

"இந்த வண்டியில் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழலும்போது சார்ஜ் ஏற்றும் கருவி) கிடையாது. 'ரெடி' விளக்கு எரியும்போது மட்டுமே, பெரிய அடுக்கிலிருந்து எழுப்பு கலவடுக்குக்கு சார்ஜ் ஏறும். 'ரெடி' இல்லாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது இறங்கிவிடும். எழுப்பு கலவடுக்கு டிக்கியில் இருக்கும் வண்டிகளில், அதன் வாயுவை வெளியேற்ற ஒரு சிறு குழாய் இருக்கும். மாற்றும்போது அதைத் திரும்பப் பொருத்த மறக்க வேண்டாம். விலை குறைவு என்று சாதாரணத் திரவ பேட்டரியை அங்கே வைக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் வண்டிக்குள் சேரும். கழற்றும்போது முதலில் எதிர்முனை, மாட்டும்போது அது கடைசியில்."

சரி, அடுத்து பெரிய பேட்டரிக்கு ஒரு பெயர் வேண்டும். 'இழுவைக் கலவடுக்கு' என்றால் டிராக்டர் நினைவு வருகிறது என்கிறார் வீட்டுக்காரர். அதைக் குளிர்விக்கும் காற்று, பின்சீட்டுப் பக்கத்தில் இருக்கும் சல்லடை வழியாகத்தான் போகிறது. பையை வைத்து அடைக்காதீர்கள், தூசி தட்டுங்கள் என்று எழுத வேண்டும். பெயர் இல்லாமல் அந்தப் பத்தி பாதியில் நிற்கிறது. 'ஓட்டு கலவடுக்கு' சரிவருமா?